போதும் என்று அவள் சொன்னால் போதும்

இரண்டு வயதை நெருங்கும் குழந்தை இருக்கிற வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது, "பாப்பா சாப்பிட்டாளா?" அடுத்தது, "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டா?" பாசத்தில்தான் கேட்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனையோ வீடுகளில் குழந்தையின் மூக்கைப் பிடித்துச் சோறு திணிக்கிறார்கள். இது நிற்க வேண்டும்.

என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. எட்டு மாதத்தில் கிண்ணம் நிறையக் கஞ்சி குடித்தவள், இப்போது பாதி இட்லி தின்றதும் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். இன்னொரு வாய் கொண்டுபோனால் குதப்பித் துப்புகிறாள். இது நோயும் இல்லை, அடமும் இல்லை. 3 கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய 9 கிலோ ஆகிவிடுகிறது. இரண்டாவது வருஷம் முழுவதும் சேர்த்தே கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறையும்போது பசியும் குறையும். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் பெண் குழந்தையின் நடு எடை ஒரு வயதில் 8.9 கிலோ, இரண்டு வயதில் 11.5 கிலோ. அதெல்லாம் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான கணக்கு என்று சொல்கிறவர்களுக்கு: அதற்காக அளந்த ஆறு நாட்டுக் குழந்தைகளில் தில்லிக் குழந்தைகளும் உண்டு.

ஒரு நாள் இரண்டு தோசை கேட்பாள், மறுநாள் தண்ணீரும் வாழைப்பழமுமாக ஓட்டிவிடுவாள். ஒவ்வொரு வேளையையும் கணக்குப் பார்த்தால் நிம்மதி போய்விடும். ஒரு வாரத்தைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஊட்டுவதற்காகக் கையில் செல்போனைக் கொடுப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. படத்தைப் பார்த்துக்கொண்டே வாய் திறக்கிற குழந்தைக்குத் தான் என்ன தின்கிறோம் என்றும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், அதன்பின் ஐந்து வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் வீடுகளில் அந்த ஒரு மணி நேரம் காலை இட்லியிலேயே முடிந்துவிடுகிறது. நிலாவையும் காக்காவையும் காட்டி ஊட்டியதும் வேடிக்கைதானே என்று அத்தை கேட்டார். உண்மைதான். ஆனால் அதில் பேச்சு இருந்தது. குழந்தை நம் முகத்தைப் பார்த்தது, தலையைத் திருப்பினால் நமக்கும் புரிந்தது.

சோறு இறங்கவில்லையே என்று டம்ளர் டம்ளராகப் பால் கொடுப்பதையும் சொல்ல வேண்டும். பால் வயிற்றை அடைத்துவிட்டால் சோற்றுக்கு இடம் ஏது? பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் தமிழ்நாட்டில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டாமல் பாலை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது தரையில் பழைய சேலையை விரித்து, அவளுக்கு ஒரு தட்டு, எங்களுக்குத் தட்டு. நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோறு கொஞ்சமாக. (முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை மட்டும் கிடையாது, தொண்டையில் சிக்கும்.) தட்டில் பாதி அவள் முடியில், காதில், சேலையில். எறும்பு வருவதற்குள் துடைக்க வேண்டும், காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அழுகையே வந்துவிடும். ஆனால் ஒற்றைப் பருக்கையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுத்து, உற்றுப் பார்த்து, வாய்க்குள் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள் பாருங்கள், அப்படி ஒரு பெருமிதம்! அப்புறம் பிசுபிசுத்த கையை நீட்டி "ம்மா... ஆ" என்று எனக்கும் ஊட்டுவாள். அவள் அப்பாவுக்கும் ஒரு வாய், பொம்மை யானைக்கும் ஒரு வாய். மூக்கைப் பிடித்து ஊட்டுகிற வீட்டில் இந்தச் சந்தோஷம் குழந்தைக்கும் கிடைக்காது, பெரியவர்களுக்கும் கிடைக்காது.

இதைச் சொல்வதால் எதையும் கண்டுகொள்ளாமல் இருங்கள் என்று அர்த்தம் இல்லை. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்துக் கொடுக்கிறார்கள், காசு கிடையாது. அந்தக் கோடு ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ, குழந்தை விளையாடாமல் சோர்ந்து கிடந்தாலோ, முகம் வெளுத்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். கோடு பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கன்னத்தோடு ஒப்பிடாதீர்கள்.

இந்த வயதில் புதுச் சாப்பாட்டைக் கண்டால் தயக்கம் வருவதும் இயல்பு. எட்டு, பத்து முறை பார்த்த பிறகுதான் சில குழந்தைகள் வாயிலேயே வைக்கும். இவளுக்கு இப்போது முருங்கைக்கீரை ஆகவில்லை, ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி என் தட்டில் போடுகிறாள். போடட்டும், நாளைக்கும் ஒரு சிட்டிகை வைப்பேன்.