என் கோப்பைத் திறக்க நான் ஏன் வாடகை கட்ட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் நடந்த கூட்டத்தில், வடிவமைப்பு மென்பொருளுக்குச் சந்தா கட்டச் சொல்லி ஒரு விற்பனைப் பிரதிநிதி பேசியதை நம் அச்சுத் தொழில் நண்பர்கள் பலரும் நேரில் கேட்டீர்கள். வராதவர்களுக்கும் இதற்குள் செய்தி வந்திருக்கும். "ஒரு நாளைக்கு இரண்டு டீக் காசுதான் சார், இதற்குப் போய் இவ்வளவு யோசிக்கிறீர்களே" என்று அவர் சொன்னபோது நம்மவர்களே சிலர் சிரித்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று பதில் சொல்ல எனக்கு நேரம் தரப்படவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் புகார் விலையைப் பற்றியது அல்ல. 18 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்த்து அந்தத் தொகை தண்டையார்பேட்டையில் ஒரு சிறு கடைக்குச் சுமைதான் என்றாலும், தொழிலுக்கு வேண்டியதென்றால் கட்டத்தான் செய்வோம். சந்தாவை நிறுத்திய மறுநாள், நானும் என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளும் இரவெல்லாம் கண்விழித்துச் செய்த பழைய வேலைகளை நாங்களே திறக்க முடியாமல் போகிறதே, அதுதான் என் புகார். மினி ஆஃப்செட் அச்சு இயந்திரத்தை வங்கிக் கடனில் வாங்கினேன். கடைசித் தவணை கட்டியதும் அது என்னுடையதாகிவிட்டது. அதை விற்றவர் புதிய மாடல் கொண்டுவந்த பிறகும் என் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மென்பொருளும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2012-இல் வந்த சிஎஸ்6 என்ற பதிப்பு வரை, நாம் படமும் பக்கமும் வடிவமைக்கும் அடோபி நிறுவனத்தின் மென்பொருள் தொகுப்பை ஒருமுறை பணம் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ள முடிந்தது. 2013-இல் இனிமேல் சந்தா மட்டுமே என்றார்கள். 2016-இல் பொறியியல் வரைபட மென்பொருள் விற்கும் ஆட்டோடெஸ்க் அதே வழியில் போனது. 2023 நவம்பரில், சர்வர் கணினிகளுக்கான மென்பொருள் செய்யும் விஎம்வேர் நிறுவனத்தை வாங்கிய பிராட்காம், அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டது. முன்பே வாங்கிய நிரந்தர உரிமங்களுக்கான பராமரிப்பைக்கூடத் தர மறுக்கிறார்கள் என்று 2024-இல் ஏடி அண்ட் டி நீதிமன்றத்துக்குப் போனது. அமெரிக்காவின் மாபெரும் தொலைபேசி நிறுவனத்துக்கே வழக்குப் போட்டால்தான் பதில் கிடைக்கும் என்றால், வைத்தியநாதன் தெருவில் கடை வைத்திருப்பவர் யாரிடம் போய் முறையிடுவார்?

வண்ணங்களும் இதற்குத் தப்பவில்லை. 2022 நவம்பரில், அச்சுக்கு வண்ணத்தை எண்ணால் குறிக்க நாம் பயன்படுத்தும் பான்டோன் வண்ணத் தொகுப்புகள் பெரும்பாலானவற்றை அடோபி மென்பொருள்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றால் அதற்குத் தனிச் சந்தா. ஃபோட்டோஷாப்பில் பழைய கோப்பைத் திறந்தவர்களுக்கு அந்த வண்ணம் இருந்த இடமெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. அதற்கு அடுத்த ஜனவரியில் டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கு அடோபி தந்த ஆதரவும் நின்றது. காசு கொடுத்து வாங்கிய எழுத்துரு கணினியில் அப்படியே இருக்கும், ஆனால் மென்பொருள் அதை ஏற்காது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறை வருவதற்கு முன்பிருந்தே பலவகை எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பழகிய கணினியில் பக்கம் அமைக்கும் தமிழ் டிடிபிக்காரர்களுக்கு இதன் வலியை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் இணையக் கட்டணங்களுக்கு வாடிக்கையாளரின் ஒப்புதலை உறுதிசெய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் புதிய விதி கொண்டுவந்தது நினைவிருக்கும். வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காக வந்த நல்ல விதிதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் அட்டையிலிருந்து ஒரு மென்பொருளின் மாதக் கட்டணம் போகாமல் நின்றுவிட்டது. காசிமேட்டில் ஒரு விசைப்படகு உரிமையாளர் இறந்துபோய், அவருடைய மகன்கள் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்காக நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் கடைக்கு வந்தார்கள். அவருடைய அறுபதாம் கல்யாணப் பத்திரிகையை நான்தான் செய்திருந்தேன். நல்ல படம் அந்தக் கோப்பில்தான் இருந்தது. திறக்கப் போனால், முதலில் சந்தாவைப் புதுப்பி என்று திரையில் வருகிறது. "விடியக்காலையில ஒட்டணும்ணே" என்று அந்தப் பையன் அழுதுகொண்டே நின்றான். கைப்பேசியில் இருந்த மங்கலான படத்தை வைத்து, பெரம்பூரில் ஒரு நண்பரின் கடையில் போய் அடித்துக் கொடுத்தோம். அந்தப் பையன் என்னை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இதற்கு எத்தனை டீக் காசு என்று அந்தப் பிரதிநிதி கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். புதிய பதிப்புக்குப் பணம் கேட்பது நியாயம், பாதுகாப்புத் திருத்தங்களுக்குக் கேட்பதும் நியாயம். நான் ஏற்கெனவே முடித்த வேலையைத் திறந்து பார்ப்பதற்குப் பணம் கேட்பது எந்த நியாயம்?

இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸுக்கு மாறிக்கொள், இங்க்ஸ்கேப்புக்கு மாறிக்கொள் என்று தம்பிகள் சிலர் அன்போடு சொல்கிறார்கள். நல்ல மென்பொருள்கள்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்பு எதில் செய்யப்பட்டதோ, அதில்தான் நான் திறந்தாக வேண்டும். ஒருமுறை பணம் கட்டினால் போதும் என்று நாம் நம்பி வாங்கிய அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளை 2024-இல் கேன்வா என்ற இணைய வடிவமைப்பு நிறுவனம் வாங்கியது, 2025-இல் இலவசமாக்கியது. மகிழ்ச்சி. ஆனால் அதற்கும் கேன்வா கணக்கு வேண்டும், விதியை நாளை மாற்றும் அதிகாரம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இன்னொருவர், "உங்கள் பக்கமெல்லாம் திருட்டு நகல்தானே ஓடுகிறது" என்று அதே கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து சொன்னார். இதற்கு அமைதியாகப் பதில் சொல்ல முயல்கிறேன். என் கடையில் முதல் கணினி வந்த நாளிலிருந்து பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். திருட்டு நகல் ஊரெல்லாம் உண்டு, தி.நகரிலும் உண்டு, அண்ணா நகரிலும் உண்டு. பாலத்துக்கு இந்தப் பக்கம், அதாவது வடசென்னை என்றாலே திருட்டு, ரவுடி, புகை என்று பேசிப் பழகிய வாய் அது. இந்த நகரத்துக்குத் துறைமுகமும் மின்சாரமும் தருகிற பகுதியில், முறையாக வரி கட்டித் தொழில் செய்கிற எங்களைப் பார்த்துச் சொன்ன அந்தச் சொல் என்னைச் சுட்டது. அதை மறைக்க விரும்பவில்லை.

பேசி என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு ஒன்று. கணினி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளைத் தரும் யூனிட்டி நிறுவனம், 2023 செப்டம்பரில் அதில் செய்த விளையாட்டுகளின் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் விடாமல் எதிர்த்தார்கள், ஓராண்டில் அந்தக் கட்டணம் ரத்தானது. ஆண்டுச் சந்தாவை இடையில் முறித்தால் விழும் கட்டணத்தை மறைத்தார்கள் என்று அடோபி மீது அமெரிக்க அரசே 2024-இல் வழக்குத் தொடுத்தது. கேட்டவர்களுக்கு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

நம் சங்கம் அந்தப் பிரதிநிதியின் நிறுவனத்துடன் மொத்த விலை பேசப் போகிறதாம். தள்ளுபடியைப் பிறகு பேசிக்கொள்ளலாம். சந்தா நின்ற பிறகும் பழைய கோப்புகளைத் திறக்கவும், பிடிஎஃப்பாக எடுக்கவும், அச்சிடவும் உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் என் கடையின் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று தலைவருக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன்.