பிடித்த வேலையில் இருப்பவர்களுக்கு

"பிடித்த வேலையைத் தேர்ந்தெடுத்தால் வாழ்நாள் முழுக்க வேலை செய்வது போலவே தெரியாது" என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்தார்கள். பூப்படத்தின் மேல் எழுதி இன்றும் யாராவது பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். சொன்னவர் பிடித்த வேலையில் இருந்தவராக எனக்குத் தோன்றவில்லை. பிடிக்காத வேலை செய்கிறவர் மாலையில் கணினியை மூடிவைத்தால் மறுநாள் காலைவரை அதை நினைக்க மாட்டார். பிடித்த வேலை செய்கிறவருக்கு மாலை என்று ஒன்று வருவதே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தோழி வீடியோ எடிட்டர். கைத்திறமையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு வேலையை முடித்து அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைப்பாள், இனி பார்க்கக் கூடாது என்று. இரண்டு நிமிடம் தாங்காது. புரட்டிப் பார்த்துவிட்டு, "பார்த்துட்டார், ஒண்ணும் சொல்லலை" என்பாள். எதிரில் மகள் பள்ளியில் நடந்த ஒரு பெரிய சண்டையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். "ம்... அப்புறம்?" எல்லாம் சரியான இடத்தில்தான் விழும். கடைசியில் குழந்தை, "சரி, யார் மேல தப்புன்னு நீ சொல்லு" என்று கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பாராட்டு வந்துவிட்டால் அன்றைக்கு வீடே கலகலப்பாகிவிடும். வராவிட்டால் அவள் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள், ஆனால் ஆளே இருக்க மாட்டாள்.

"வேலைப் பைத்தியம், கொஞ்சம் குறைச்சுக்கோ" என்று எல்லோரும் அவளுக்கு அறிவுரை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலையின் மேல் இருக்கும் ஆசை அவளைப் படுத்தவில்லை. தான் உருப்படியான ஆளா இல்லையா என்ற தீர்ப்பை ஒவ்வொரு நாளும் அந்த வேலையிடம் கேட்கிறாளே, அதுதான் படுத்துகிறது.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ராபர்ட் வலராண்டும் அவருடைய குழுவினரும் 2003இல் இதைத்தான் பிரித்துக் காட்டினார்கள். ஒரு செயலின் மேல் இருக்கும் தீவிர ஈடுபாட்டில் இரண்டு வகை உண்டு என்றார்கள். ஒன்று, நாமாக விரும்பி வாழ்க்கையில் ஓர் இடம் ஒதுக்கித் தருவது. மற்றதோ நம்மை ஆட்டிவைப்பது. சுயமதிப்பும் மற்றவர்களின் ஏற்பும் அந்தச் செயலோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கும்போது இரண்டாவது வகை உருவாகிறது. ஆட்டிவைக்கும் ஈடுபாட்டில் சிக்கியவர் வேலையில் இல்லாத நேரத்திலும் அதையே அசைபோட்டுக்கொண்டிருப்பார். முதல் வகை ஈடுபாடு உள்ளவரால் எழுந்து போய் வேறொன்றில் மனம் ஒன்ற முடியும். ஆசையின் அளவு இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம், எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்பதை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது.

ஆளைக் கருக்கிவிடும் வேலைக் களைப்பை 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற மருத்துவ உளவியலாளர் எழுதிக் காட்டியபோது, நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையின் ஊழியர்களும் தன்னார்வலர்களும்தான் அவர் கண்முன் இருந்தார்கள். வேண்டாவெறுப்பாக வந்தவர்கள் இல்லை, மனதார வந்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தன் நோய் வகைப்பாட்டின் புதிய பதிப்பில் சேர்த்தபோதும் நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிகழ்வு என்றுதான் குறித்தது. அதாவது பாதிக்கப்பட்டவரை மட்டும் உட்காரவைத்து "மனதைத் திடப்படுத்திக்கொள்" என்றால் போதாது, வேலை நடக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும்.

அந்த விதம் எப்படி இருக்கிறது? 2020இல் வெளியான ஓர் ஆய்வு என்னைக் கோபப்படுத்தியது. ஒருவர் வேலையை மிகவும் நேசிக்கிறார் என்று தெரிந்தால், அவரைச் சம்பளமில்லாமல் கூடுதல் நேரம் உழைக்கச் சொல்வதும், வேலைக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலைகளை அவர் தலையில் கட்டுவதும் மற்றவர்களுக்குத் தவறாகத் தெரிவதில்லையாம். அவருக்குத்தான் அது பிடிக்குமே! அமெரிக்கா, கனடாவின் விலங்குக் காட்சிசாலைப் பராமரிப்பாளர்களை வைத்து 2009இல் வந்த ஆய்விலும் இதன் மறுபக்கம் உண்டு. "நான் இதற்காகவே பிறந்தவன்" என்று நினைப்பவர்கள் பணத்தையும் சொந்த நேரத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடுதலாகத் தயாராக இருந்தார்கள். நேர்முகத் தேர்வில் "இந்த வேலை மேல் பேஷன் (passion, தீவிர ஈடுபாடு) இருக்கிறதா?" என்று கேட்கும்போது இதையும் சேர்த்தே எடைபோடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அப்புறம் வீடு. நம் வேலை வீட்டில் யாருக்கும் புரிவதில்லை என்ற மனக்குறை பிடித்த வேலை செய்கிறவர்களிடம் ஏராளம். "இன்னும் அதையேதான் பண்ணிட்டிருக்கியா?" என்று யாராவது சாதாரணமாகக் கேட்டுவிட்டால் ராத்திரி தூக்கம் போய்விடும். அடுத்த ஐந்து வருடத்துக்கு அதுவே எரிபொருள். நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று கிளம்புவோம். நிரூபித்த அன்றைக்குப் பார்த்தால் கேள்வி கேட்டவருக்கு அப்படிக் கேட்டதே நினைவிருக்காது, அல்லது அடுத்த கேள்வியோடு காத்திருப்பார். என் அபிப்பிராயம், நம் வேலை அவர்களுக்குப் புரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு காட்சியை அரை நொடி முன்னால் வெட்டினால் என்ன ஆகும் என்பது அம்மாவுக்கு எதற்கு? அவள் அக்கறையெல்லாம் மகளின் முகம் ஏன் வாடியிருக்கிறது என்பதில்தான். அதையும் ஓர் ஏற்பு என்று நாம் கணக்கில் எடுப்பதில்லை.

கனவு வேலைக்காக இருக்கிற வேலையை உதறச் சொல்லும் பதிவுகள் பக்கம் நான் போவதில்லை. கடனும் பொறுப்பும் உள்ளவரிடம் அதைச் சொல்வது சுலபம். பிடித்ததைப் பிழைப்பாக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்வதும் கௌரவமான முடிவுதான்.

"சாதித்தவர்கள் எல்லாரும் வெறியோடு உழைத்தவர்கள்தானே?" என்று கீழே யாராவது கேட்பீர்கள், தெரியும். அதே வெறியோடு உழைத்து ஓய்ந்துபோனவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை, அதனால் நமக்குத் தெரிவதில்லை. சாதித்தவர்தான் வேண்டுமென்றால் ஆஸ்திரேலிய டென்னிஸ் வீராங்கனை ஆஷ்லி பார்ட்டியைப் பாருங்கள். 2014இல் டென்னிஸை விட்டு ஒதுங்கினார், கிரிக்கெட் ஆடினார், 2016இல் திரும்பி வந்தார். 2021இல் விம்பிள்டன், 2022 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன். அதே ஆண்டு மார்ச்சில், 25 வயதில், உலகின் முதலிடத்தில் இருக்கும்போதே ஓய்வை அறிவித்துவிட்டார். தன் சந்தோஷம் போட்டி முடிவுகளைச் சார்ந்ததில்லை என்ற மனமாற்றம் திரும்பி வந்து ஆடிய காலத்திலேயே ஏற்பட்டுவிட்டதாக அப்போது சொன்னார். அந்த மனமாற்றத்துக்குப் பிறகும் அவர் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார்.