வேலை நின்ற நாளில் யார் தாங்குவது?

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, நான் சென்னையிலிருந்து ஊருக்கு வந்து ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. செட்டிநாட்டில், காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூருக்கு அருகில் உள்ள எங்கள் வீடு பங்காளிகள் அனைவருக்கும் பொதுவானது. அம்மா மட்டும் இரண்டாம் கட்டில் குடியிருக்கிறார். மற்ற அறைகள் திருமணத்துக்கும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் திறக்கப்பட்டு, மறுநாளே மீண்டும் பூட்டப்படும். முகப்பில் என் தாத்தாவான அய்யாவின் கணக்கு மேசை இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. அதன் மேல் மடிக்கணினியை வைத்துப் பதினைந்து மாதங்கள் நான் வேலை பார்த்தேன். சுவர்களின் கனத்தால் உள்முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் கால் வைத்தாலே இணைப்பு அறுந்துவிடும். தெருவைப் பார்த்த சன்னலோரம்தான் அலைவரிசை ஓரளவு கிடைக்கும் என்பதால், காலை ஒன்பது மணி முதல் இரவு வரை அந்த மேசையை விட்டு நான் எழவில்லை. சம்பளம் ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தது.

அதே மார்ச் மாதக் கடைசியில், எங்கள் வீட்டைப் பல ஆண்டுகளாகக் கூட்டித் துடைத்து வந்த அக்காவிடம், "தொற்று அடங்கட்டும் அக்கா, அப்புறம் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பியவனும் நான்தான். அம்மாவின் வயதை நினைத்து அப்படிச் சொன்னேன், அதில் தவறில்லை. ஆனால் அவருடைய சம்பளம் என்னவாகும் என்ற எண்ணமே இரண்டு மாதங்கள் எனக்கு வரவில்லை. அம்மாதான் ஒரு நாள் கேட்டார்: "ஒனக்கு ஆபீசைப் பூட்டிப் போட்டாலும் மாசம் பொறந்தாச் சம்பளம் வருதுல்ல? அவளுக்கு மட்டும் ஏன்ப்பா நிறுத்துனே?" அன்று மாலையே இரண்டு மாதச் சம்பளத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்றும் குறையவில்லை. பெருந்தொற்றுக்குப் பிறகு வேலையும் சமூகமும் எப்படி மாறும் என்று பேச்சு எழும்போதெல்லாம் அம்மாவின் அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் யோசிக்கத் தொடங்குகிறேன்.

இந்தப் பேச்சில் பெரும்பகுதி வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பற்றியே இருக்கிறது. எங்கிருந்து வேலை பார்க்கலாம், வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் போக வேண்டும், சொந்த ஊரில் இருந்துகொண்டே சென்னைச் சம்பளம் வாங்க முடியுமா என்றுதான் கேட்கிறார்கள். இவை எனக்கும் உரிய கேள்விகளே. அந்தப் பதினைந்து மாதங்களில் அம்மாவோடு மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டேன். கல்லூரிக்குப் போன நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத பேறு அது. சோகோ நிறுவனம் தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் அலுவலகம் நடத்துகிறது. நோய் வருவதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நிறுவனம் மனம் வைத்தால் வேலை ஊரைத் தேடி வரும் என்பதற்கு அது போதுமான சான்று. காரைக்குடியைச் சுற்றிப் பூட்டிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான அறைகளை நினைக்கும்போது, அப்படி ஒரு காலம் இங்கும் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

வீட்டை விட்டு வெகுதொலைவில் வேலை பார்ப்பது எப்படியிருக்கும் என்று செட்டிநாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழிலும் வணிகமும் செய்யப் போனவர்களின் பணத்தில் எழுந்தவைதான் இந்த வீடுகள். அய்யா பினாங்கில் ஒரு கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடைகள் இருந்த கூடத்தில், மூன்று ஆண்டுக் கணக்கில் இருந்தவர். கணக்குப் பெட்டி இருக்கும் பெட்டியடியில் பகலெல்லாம் உட்கார்ந்து, இரவில் அதே கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்களாம். கப்பலேறும் முன்பே சம்பளத்தில் ஒரு பகுதியை முதலாளி வீட்டில் கொடுத்துவிடுவார் என்றும், அதை வைத்துத்தான் முதல் ஆண்டை ஓட்டியதாகவும் அப்பத்தா சொல்லியிருக்கிறார். போகிற இடத்தில் என்ன நடந்தாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்ற ஏற்பாடு அது. வட்டித்தொழிலின் கடுமையை மறைத்து அந்தக் காலத்தைப் புகழ நான் விரும்பவில்லை. ஆனாலும் தன்னிடம் வேலை பார்ப்பவனின் குடும்பத்துக்கு முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கும் வழக்கம் இந்த மண்ணில் இருந்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இப்போது, பூ வேலைப்பாடுள்ள தரைக்கற்களைக் கையால் செய்யும் ஆத்தங்குடிக்கு வாருங்கள். 2020 ஜூன் மாதத்தில், ஓரளவு தளர்வு கிடைத்த பிறகு, வளவில் பெயர்ந்திருந்த சில தரைக்கற்களுக்காக ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஒருவர், இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் துண்டை வைத்தார். அதன் மேல் பூவச்சை வைத்து, சிமெண்ட் கலந்த வண்ணக் குழம்பைச் சிறு கரண்டியால் அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றினார். அச்சை நேராக மேலே தூக்கியபோது ஒரு நிறம்கூட அடுத்த நிறத்தோடு கலக்கவில்லை. பிறகு மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவினார், அதன் மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டினார். அந்தக் கல் காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் பல நாட்கள் ஊறி, கண்ணாடி கழன்று வரும்போதுதான் நாம் காணும் பளபளப்பு வெளிப்படும். தூக்கிய கையில் ஒரு சிறு நடுக்கம் இருந்திருந்தால் கல் வீணாகியிருக்கும். ஊரடங்கு வந்த அன்று தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த கற்களை எடுத்து அடுக்கிவிட்டுப் போனதுதான் கடைசி வேலை என்றார் அவர். கல்லின் எண்ணிக்கைக்குத்தான் கூலி. கல் போடாத நாளுக்குக் காசு இல்லை. இந்த வேலையை வீட்டிலிருந்து செய்யுங்கள் என்று அவரிடம் யார் சொல்ல முடியும்?

சமையல்காரர்களின் நிலை இன்னும் மோசம். திருமணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தபோது, இலை போட்டுப் பந்தி பந்தியாகப் பரிமாறும் எங்கள் பக்கத்துத் திருமணங்களும் மணிவிழாக்களும் ஒரே நாளில் சுருங்கின. தலைமைச் சமையல்காரர் ஒருவர் பின்னால் காய் நறுக்குபவர், மாவு ஆட்டுபவர், பாத்திரம் துலக்குபவர், பரிமாறுபவர் என்று பதினைந்து இருபது பேர் வருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அரிசி அட்டைக்கு 2020 ஏப்ரலில் அரசு 1000 ரூபாய் கொடுத்தது. 2021 இல் இரண்டு தவணையாக 4000 ரூபாய் கொடுத்தது. அவை உதவின, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு ஆண்டு முகூர்த்தங்கள் கைவிட்டுப் போன ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை நாளைக்குக் காணும்?

ஆகவே மாற்றம் என்று நான் கருதுவது வேலை செய்யும் இடத்தைப் பற்றியது அன்று. ஒருவருடைய குற்றமே இல்லாமல் வேலை நின்றுபோகும் நாளில் அந்த இழப்பை யார் தாங்குவது என்பதைத்தான் இந்தச் சமூகம் முடிவு செய்ய வேண்டும். கடந்த முறை, தாங்க வலுவில்லாதவர்களின் தலையில்தான் அது முழுவதுமாக இறங்கியது.

2020 கோடையில் வடமாநிலத் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அம்மா பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர்களின் கதை தெரியாத தெரு எங்கள் பக்கத்தில் இல்லை. வழியில் இறந்தவர்களுக்கு நாள் தெரியாததால், புறப்பட்ட நாளையே திதியாக வைத்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், நடந்து போனவர்களை எளிதில் மறந்துவிட்டோம்.

மாற்றம் தானாக வரும் என்று நம்புவதற்கு வரலாறு இடம் தரவில்லை. இங்கிலாந்தில் 1348 இல் கொள்ளைநோய் வந்து ஆட்கள் குறைந்ததும் உழைப்பாளர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். நோய்க்கு முந்தைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று 1351 இல் சட்டமே போட்டார்கள். நம் நாட்டில் 1918 இன்புளூயன்சா எத்தனை பேரைக் கொண்டுபோனது என்றால், 1911 இல் 25.2 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921 கணக்கெடுப்பில் 25.1 கோடியாகக் குறைந்திருந்தது. கூலிக்காரனை மட்டும் நோயின் வாகனமாகப் பார்க்கும் பார்வையும் புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகவிருந்த தொழிலாளர்களைத் தனிமைப்படுத்தி வைத்த மண்டபம் முகாம் நம் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் அதுதான்.

மாற முடியும் என்பதற்கும் சான்று உண்டு. துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021 இல் சட்டத் திருத்தம் வந்தது. காரைக்குடிக் கடைவீதியில் நடக்கும்போது இருக்கை போட்ட கடையையும் போடாத கடையையும் இப்போது நான் கவனித்துப் பார்க்கிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிகள் மீண்டும் திறந்தன. அதற்குள் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது; அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்களாக மாலைநேரங்களில் திண்ணையில் பாடம் சொல்லிக்கொடுத்த பெண்களுக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது.

அரசு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982 இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டு, அதன் வழியாக நல வாரியங்கள் வந்துவிட்டன. சமையல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் ஒவ்வொருவரையும் அவற்றில் பதிவு செய்ய வைப்பது ஊரில் படித்தவர்கள் கையில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் ஒரு தெருவை முடித்துவிடலாம்.

அதற்கு மேல், நம்மிடமே ஒரு பழைய வழி இருக்கிறது. வணிகர்கள் தங்கள் வரவில் ஒரு சிறு பகுதியை மகமை என்று தனியாக எழுதி வைத்தார்கள். கோயில்களும் பாடசாலைகளும் அதில் நடந்தன. திருமணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டுக் கோயிலுக்குப் புள்ளிவரியை இன்றும் தவறாமல் கட்டுகிறோம். பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்துபவர்கள் ஓர் அறை வாடகையில் ஒரு சிறு தொகையையும், திருமண வீட்டார் சமையல் செலவில் ஒரு சிறு தொகையையும், கற்பட்டறைகள் விற்பனையில் ஒரு சிறு தொகையையும் ஊர்ப்பொதுவில் சேர்த்து வந்தால், அடுத்த முறை கதவுகள் சாத்தப்படும்போது கல் போடுபவருக்கும் காய் நறுக்குபவருக்கும் ஆறு மாதங்களாவது கைகொடுக்கலாம். தர்மம் என்று அதை எழுத வேண்டாம், சம்பளக் கணக்கிலேயே எழுதலாம்.

எங்கள் வீட்டில் இதைத் தொடங்கியிருக்கிறோம். பங்காளிகள் சேர்ந்து போடும் வீட்டுப் பராமரிப்புக் கணக்கில், போன தை மாதம் முதல் அக்காவின் சம்பளம் பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதப்படுகிறது, வீடு பூட்டியிருக்கும் மாதங்களும் அதில் அடக்கம். கூடவே ஒவ்வொரு புள்ளியும் மாதம் நூறு ரூபாய் தனியாக ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். எட்டுப் புள்ளிகளில் ஆறு பேர் சம்மதித்துவிட்டார்கள். மற்ற இரண்டு அண்ணன்மார், வராத நோய்க்கு எதற்குப் பணம் என்று கேட்கிறார்கள். வரும் படைப்புக்கு அவர்கள் இருவரும் ஊருக்கு வருகிறார்கள். அக்காவையும் அன்று முகப்பில் எங்களோடு உட்காரச் சொல்லி, அந்தக் கணக்கை எடுத்து வைத்து மறுபடியும் கேட்கப் போகிறேன்.