கிரெடிட் வேறு, பணம் வேறு

ரத்தான பயணத்துக்கு விமான நிறுவனம் பணத்துக்குப் பதில் கிரெடிட் (பிறகு அதே நிறுவனத்தில் டிக்கெட் வாங்கப் பயன்படும் வரவு) கொடுத்துவிட்டால் நஷ்டமே இல்லை, அதனால் பயணக் காப்பீட்டில் க்ளெய்ம் (இழப்பீடு) கேட்க முடியாது என்று நான் படித்த ஒரு கட்டுரை முடிக்கிறது. இதை ஏற்க முடியவில்லை. கிரெடிட்டை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியுமா?

2020 ஊரடங்கில் ரத்தான விமான டிக்கெட்டுகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பாருங்கள். பணத்தைத் திருப்பித் தரவேண்டும். நிதி நெருக்கடியில் உள்ள நிறுவனம் மட்டும் கிரெடிட் தரலாம். அதுவும் மாதாமாதம் மதிப்பு கூட வேண்டும், வேறொருவருக்கு மாற்றித்தர வழி வேண்டும், 2021 மார்ச் 31க்குள் பயன்படுத்தாவிட்டால் பணமாகவே தரவேண்டும். கிரெடிட்டும் ரொக்கமும் ஒன்றென்றால் இத்தனை நிபந்தனை எதற்கு? அப்புறம், கிரெடிட் கொடுத்த நிறுவனமே மூடிவிட்டால்?

கிரெடிட்டை ஏற்பதற்கு முன், ரொக்கம் தர மறுத்ததை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். க்ளெய்முக்கு அது ரொம்ப முக்கியம்.