மேட்டைக் கண்டா மூச்சு வாங்கும் வண்டி

20 வருஷத்துப் பழைய கேம்பர் வேன். சமதளத்துல சமர்த்து. மேடு வந்தா போதும், கூலண்ட் (இன்ஜினைக் குளிர வைக்கிற திரவம்) குறைவுன்னு சொல்ற லைட் கண் சிமிட்டும், ஆக்ஸிலரேட்டரைத் தரையோட மிதிச்சாலும் வண்டி முரண்டு பிடிக்கும். பின்னாடி வர்றவன் ஹாரன் வேற.

டெம்பரேச்சர் முள்ளோ நடுவுல நிம்மதியா தூங்குது. தொட்டியில கூலண்ட் குறையவே இல்ல. அப்புறம் எதுக்குடா இந்த லைட்டு? மூணு மெக்கானிக், மூணு ஜோசியம். ஒருத்தர் தெர்மோஸ்டாட்னார், அடுத்தவர் வாட்டர் பம்ப்னார், மூணாமவர் உதட்டைப் பிதுக்கி "ஹெட் கேஸ்கெட்டா இருக்கும்"னார். அது இன்ஜினைப் பிரிச்சு மாத்த வேண்டிய உள் சீல். அது போனா வர்ற வெள்ளைப் புகை இல்ல, ஆயில் பால் மாதிரி வெளுக்கவும் இல்ல. ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டா தூக்கம் வருமா?

கடைசியில பார்த்தா ரெண்டும் வேற வேற நோய். தொட்டிக்குள்ள இருக்குற லெவல் சென்சார் முனையில பச்சைக் களிம்பு. மேட்டுல கூலண்ட் சாயும்போது தொடர்பு விட்டுப்போகுது. இழுவை போனதுக்கு டர்போ ஹோஸ்தான், அதாவது டர்போ அழுத்துற காத்தை இன்ஜினுக்குக் கொண்டு போற குழாய்தான் காரணம். கிளாம்புக்குப் பக்கத்துல விரல் நீள வெடிப்பு. சும்மா நிக்கும்போது ஒட்டிக்கிட்டு நல்ல பிள்ளையா இருக்கு, பிரஷர் ஏறினதும் வாயைப் பிளக்குது!

நாலு மாசம் ஆச்சு இதைக் கண்டுபிடிக்க. இப்போ ஹேண்ட்பிரேக் லைட் அணைய மாட்டேங்குது.