கடற்கரை எவர் வீட்டுக் கொல்லை?

சென்ற மாதம் புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் வரும் ஒரு சொகுசு விடுதியில் அம்மாவுடன் ஓர் இரவு தங்கினேன். அறை வாடகை 14,000 ரூபாய். 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறை என்பதால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 16,520 ரூபாய் ஆயிற்று. அறையிலும் உணவிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வயிற்றெரிச்சலெல்லாம் விடுதிக்கு எதிரே மணலில் சவுக்குக் கழிகளை நட்டு, அலை தொடும் இடம்வரை இழுத்துக் கட்டியிருந்த அந்த நீல நைலான் கயிற்றின் மீதும், அதில் தொங்கிய 'தனியார் கடற்கரை' என்ற பலகையின் மீதும்தான்.

விடியற்காலை ஆறு மணிக்கு அம்மாவும் நானும் மணலில் உட்கார்ந்திருந்தோம். தோளில் வலையைச் சுமந்துகொண்டு, ஈர மணலில் தம் படகை நோக்கி நடந்து வந்த ஒரு பெரியவர், குனிந்து அந்தக் கயிற்றைத் தாண்டினார். உடனே விசில் பறந்தது. ஆடு மாட்டை விரட்டுவதுபோல் விசிலை விடாமல் ஊதிக்கொண்டே ஓடி வந்த காவலாளி, "பெரியவரே, இந்தப் பக்கம் வரக் கூடாது, ரோட்டு வழியா சுத்திப் போங்க" என்றார். "படகு அதோ கெடக்கு தம்பி, பறந்தா போவேன்?" என்று கேட்ட அந்த மனிதர், எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். அந்தப் பார்வையைத்தான் என்னால் இன்றுவரை செரித்துக்கொள்ள முடியவில்லை.

மேலாளரிடம் போய்க் கேட்டால், "விருந்தினர்களின் தனிமைக்காகத்தான் சார்" என்கிறார். எந்த விருந்தினர் கேட்டார்? நானா கேட்டேன், தேவனாம்பட்டினத்தில் பிறந்து, வலை உலரும் மணலில் விளையாடி வளர்ந்த என் அம்மாவா கேட்டார்? 2004 சுனாமியிலும் 2011 தானே புயலிலும் அடிபட்டு, படகையும் வலையையும் பறிகொடுத்து, அப்போதும் இந்தக் கரையை விட்டுப் போகாத மக்களை, என் பெயரைச் சொல்லி விரட்டுவதற்கு இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

சட்டம் கொடுக்கவில்லை. கடற்கரை விடுதிகளுக்கான நெறிகளை, கடலோரத்தில் என்ன கட்டலாம், என்ன கூடாது என்று மத்திய அரசு வெளியிட்ட 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே வகுத்துவிட்டது: பொதுமக்கள் கடற்கரைக்குச் செல்ல இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகல வழி விட வேண்டும், வேலி போட்டாலும் அது அந்த வழியை மறிக்கக் கூடாது. 2011ஆம் ஆண்டின் அறிவிக்கையும் அதையே சொன்னது. சொந்த நிலத்துக்குப் போடும் வேலிக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், தமக்குச் சொந்தமே இல்லாத ஈர மணலில் கழி நட்டுக் கயிறு கட்டுவதை என்னவென்று சொல்வது? (விசில் ஊதிய காவலாளியின் மீது எனக்குக் கோபமில்லை, அவரும் பக்கத்து ஊர்ப் பிள்ளைதான், மாதச் சம்பளத்துக்காக ஊதுகிறார்.)

கிளம்பும்போது கருத்துப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். படுக்கை, காலை உணவு, நீச்சல் குளம் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் இருந்தது, கடற்கரைக்கு இல்லை. தாளின் ஓரத்தில், "கயிற்றை அவிழுங்கள்" என்று எழுதி, என் தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுத்தேன். மூன்று வாரங்கள் ஆகின்றன, ஒருவரும் அழைக்கவில்லை.