தனி கூலன்ட் ஊற்றினால் உறையாது என்பது தவறு

"கனடாவின் வின்னிபெக் குளிருக்கு, கார் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைத் தண்ணீரே கலக்காமல் அப்படியே ஊற்றுங்கள், உறையவே உறையாது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். கூலன்ட்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்கால், தனியாக இருந்தால் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறைய ஆரம்பித்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால்தான் மைனஸ் 37 வரை தாங்கும். ஒன்று மற்றொன்றைப் படிகமாகச் சேரவிடாது, அதுதான் சூட்சுமம். கூலன்ட் 60 சதவீதம் என்றால் மைனஸ் 50 வரை கவலையில்லை. 70ஐத் தாண்டினால் பலன் குறையத்தான் செய்யும். போதாததற்கு, தனி கிளைக்கால் சூட்டையும் சரியாகக் கடத்தாது.

ஏற்கெனவே ஊற்றிவிட்டவர்கள், என்ஜின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். மொத்தம் 8 லிட்டர் பிடிக்கும் வண்டியென்றால் 4 லிட்டரை வடித்துவிட்டு, 4 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கும்வரை என்ஜினை ஓடவிடுங்கள். மறுபடி ஆறியதும் எத்தனை டிகிரிவரை உறையாது என்று காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கேனில் '50/50' என்றிருந்தால் அது கலந்தே வருவது, மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. வடித்ததைத் திறந்துவைக்காதீர்கள், இனிக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும்.